தட்டணு வளர்க்க எத்தனை ஷெட்டுங்க?

ரத்தத் தட்டணுவை வளர்ப்பதுகூடப் பெரிய கஷ்டமில்லை. அதை வளர்க்கிறேன் என்று நாமக்கல் ஜில்லாவில் ஒரு மனிதரிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். வீட்டில் ஒருவருக்கும் விளங்காத வேலையைப் பார்த்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் "நீ என்ன பண்றே கண்ணு?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, வேண்டாத சாம்பாரை மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்ளும் சக துயரர்களே, இது உங்களுக்காக.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. சங்ககிரி தாண்டி ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியில் மிஞ்சி நிற்கும் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுப்போம். தமிழில் குருத்தணு. அது இன்னும் என்னவாக ஆவது என்று முடிவு செய்யாத செல். பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரி. அதற்கு ஊட்டி, உசுப்பேற்றி, ஒரு பெரிய செல்லாக மாற்றினால், அது இடியாப்பம் பிழிவதுபோல் நூல் நூலாக நீளும். அந்த நூலின் நுனி உடைந்து உதிர்வதுதான் தட்டணு, அதாவது டெங்கு வந்தால் எல்லோரும் அலறுகிற பிளேட்லெட். உசுப்பேற்றும் மருந்து வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. அந்த வேலையை நம்மூர்ச் செடிச்சாறு ஏதாவது செய்யுமா என்று பார்க்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

எத்தனை ஷெட்டு?

நாமக்கல்லில் என் சின்ன மாமாவுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. ஒரு காதுகுத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்த அவரிடம் தப்பித்தவறி, "தட்டணு வளர்க்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எத்தன ஷெட்டு?" என்றார். ஷெட்டெல்லாம் இல்லை, பீரோ உயரத்துக்கு ஒரே ஒரு பெட்டி என்றேன். உள்ளே சூடு எவ்வளவு என்று கேட்டார். முப்பத்தேழு டிகிரி. "நம்ம குஞ்சு ஷெட்டாட்டத்தான்" என்று தலையை ஆட்டினார். தீவனம் என்ன? சிவப்பாக ஒரு திரவம், ரெண்டு மூணு நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். சாவு எவ்வளவு? நிறைய. சீக்குக் கோழியை எப்படிப் பிரிப்பது? அதற்கொரு மெஷின் இருக்கிறது.

எங்கள் கூடத்தை நடத்துகிற பேராசிரியர்கூட இவ்வளவு பொறுப்பாக என் வேலையை விசாரித்ததில்லை. எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. முழுக் கதையையும் சொன்னேன். நான் வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருஷமாகிறது என்பதையும் சொல்லித் தொலைத்தேன். மாமா ரசத்தை இலையில் வழித்துக் குடித்து முடித்து, என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இத்தன வருசமா தீவனம் போட்டு இன்னும் முட்டைக்கு வரலீன்னா, கோழியச் சொல்லிக் குத்தமில்ல சாமி. தீவனத்த மாத்து."

சோடாவுக்குத்தான் முதல் மரியாதை

எங்கள் செல்களின் தீவனம் கெடாமலிருக்கக் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு வாயு வேண்டும். அதை சிலிண்டரில் கொண்டுவந்து இறக்குபவரேதான் சுற்றுவட்டார சோடா கம்பெனிகளுக்கும் இறக்குகிறார். வருஷம் முழுக்க ஒழுங்காக வருபவர், ஆடிப் பதினெட்டு நெருங்கினால் காணாமல் போய்விடுவார். காவிரிக்கரையில் கூட்டம் நெரியும். கூட்டம் குளித்துக் கரையேறினால் சோடா கேட்கும்.

போன ஆடியில் எங்கள் சிலிண்டரின் முள் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. நான் போன்மேல் போன் போட்டேன். உயிருள்ள செல்லுங்க, வாயு தீர்ந்தால் செத்துவிடும் என்று கெஞ்சினேன். இதில் நோயாளிகளின் உயிரே அடங்கியிருக்கிறது என்றும் ஒரு போடு போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னால் பாட்டில்கள் கலகலவென்று உருளும் சத்தம்.

"மேடம், உங்க செல்லு நாளைக்கும் செல்லுதான். இன்னிக்கி விக்காத சோடாவ நாளைக்கி எவன் குடிப்பான்? வாரேன் வாரேன், பொழுதெறங்கட்டும்."

ஒரே களை

மாமாவின் சொல்லைத் தட்டாமல் தீவனத்தை மாற்றினேன். பப்பாளி இலையா என்று கேட்க வாயெடுப்பீர்கள். கேட்காதீர்கள். மழைக்காலம் வந்தால் எங்கள் கேட்டில் யார் யாரோ பப்பாளி இலையைக் கட்டுக்கட்டாக வைத்துவிட்டுப் போகிறார்கள். வாட்ச்மேன் வீட்டு ஆடு கொழுத்ததுதான் மிச்சம். நாங்கள் பிடித்தது அம்மான் பச்சரிசி என்கிற செடி. கிள்ளினால் பால் வரும், தரையோடு தரையாகக் கிடக்கும், எல்லோரும் மிதித்துக்கொண்டு போவோம். அதன் சாற்றை மிகமிகக் கொஞ்சமாகச் செல்லுக்குக் கொடுத்தபோது, ஒரு முறை, ஒரே ஒரு முறை, நூல் அழகாக நீண்டது. அந்தச் செடி ஜேடர்பாளையத்தில் முத்துசாமி என்பவரின் குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் முளைத்தது. எங்கள் பக்கத்தில் மரவள்ளிக்கு அதுதான் பேர்.

மறுபடியும் அங்கே போனேன். கையுறை, கத்தரிக்கோல், கவர், லேபிள் சகிதமாகக் குத்தவைத்து ஒவ்வொரு செடியாகக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாத்தியில் நாலைந்து பெண்கள் களைவெட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அருகம்புல்லை விட்டேன், கோரையை விட்டேன், சாரணையை விட்டேன். அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் ஒரு அம்மா களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, இப்பிடி ஒரே களைய மட்டும் பொறுக்கிட்டிருந்தீங்கன்னா உங்களுக்கு யாருங்க கூலி குடுப்பாங்க?"

இதே கேள்வியைத்தான் எங்களுக்கு நிதி கொடுக்கும் அலுவலகமும் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

ரிக் வண்டியிலிருந்து ஒரு போன்

நஞ்சுக்கொடி ரத்தம் வாங்குவது தனி சாமர்த்தியம். திருச்செங்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நிறைமாதப் பெண்ணிடம் விளக்கம் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அவள் சந்தோஷமாகப் போட்டுவிட்டு, "அவர்கிட்டவும் ஒரு வார்த்த சொல்லீருங்க" என்று போனை நீட்டினாள். கணவன் செந்தில், போர்வெல் ரிக்கில் டிரில்லர். சத்தீஸ்கரில் ஏதோ காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்தி விளக்கினேன். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. குழந்தையின் தொப்புளில் காய்ந்து விழும் கொடி அவர் வீட்டு வழக்கப்படி வெள்ளித் தாயத்துக்குள் போகவேண்டும், அதில் கைவைக்கக்கூடாது. தாராளமாக என்றேன். எங்களுக்கு வேண்டியது நஞ்சோடு வீசி எறிகிற ரத்தம்தான்.

பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் எங்களிடம் வந்தது. செல்கள் நன்றாகவே வளர்ந்தன. ஒரு வாரம் கழித்து என் போன் அடித்தது. அதே கம்ப்ரசர் சத்தம். மகளை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை, வீடியோ காலில்தான். ரொம்பக் கூச்சத்தோடு விசாரித்தார்.

"ஊட்ல இருக்கறது நல்லா இருக்குதாமுங்க, பால் குடிக்குதாமா. உங்ககிட்ட இருக்கறது எப்பிடீங்க இருக்குது?"

மீன் பெட்டி

இதுவரை சிரித்தாயிற்று. இனி லோகநாதனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரு நாள் தெர்மகோல் மீன் பெட்டி நிறைய ஐஸ் போட்டுக்கொண்டு, மொபெட்டில் எங்கள் கேட்டுக்கு வந்து நின்றார். பின்னால் அவருடைய மகள் நித்யா, நாலாம் வகுப்பு. முழங்கையெல்லாம் நீலநீலமாகக் கன்றியிருந்தது. அவள் எலும்பு மஜ்ஜையில் தட்டணு சரியாக உற்பத்தியாவதில்லை. எண்ணிக்கை கீழே போகும்போதெல்லாம் சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு பை ஏற்றவேண்டும், ஒவ்வொரு பைக்கும் ஒரு ஆளைத் தேடிப் பிடிக்கவேண்டும். தறிக்கார நண்பர்கள் மாறிமாறிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சங்ககிரிப் பக்கம் பிளேட்லெட்டை வளர்க்கிறார்களாம் என்று யாரோ சொல்ல, விலைக்கு வாங்கிப்போக வந்திருக்கிறார்.

தட்டணுவுக்கு ஐஸ் ஆகாது, அறைச் சூட்டிலேயே தொட்டில்போல் ஆட்டிக்கொண்டு வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும் என்று ஆரம்பித்தேன். அவர் ஐஸைக் கேட்டுக்கு வெளியே கொட்டிவிட்டு வந்து, "இப்ப தருவீங்களா?" என்றார். வேறு வழியில்லாமல் இருவரையும் உள்ளே கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். செல் வளர்க்கும் ஒரு டப்பாவில் விளைவது எறும்புக்குக்கூடக் காணாது, இதை மனிதருக்கு ஏற்ற அனுமதியும் இல்லை, அதற்கு இன்னும் எத்தனை வருஷமோ என்று உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். தறி ஓட்டுகிற மனிதருக்கு அந்த நூல் பிடித்துவிட்டது போல.

செடிச்சாறு ஊட்டுகிறோம் என்றதும் நித்யாவுக்கு எந்தச் செடி என்று தெரியவேண்டும். காட்டினேன். "இதா? இது எங்க தெருவெல்லாம் கெடக்குதுங்க்கா" என்றாள். அப்பா மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"நூலு நல்லாத்தான் வருதுங்க மேடம். துணி எப்பங்க வரும்?"

பன்னிரண்டரை

அவர்கள் போனபிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நித்யாவுடையது பி பாசிடிவ். என்னுடையதும் அதே. டப்பாவில் இல்லாவிட்டால் என்ன, உடம்பில் இருக்கிறதே என்று மறுநாளே அந்த ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே தியாகி மாதிரி ஒரு முகபாவம் வந்துவிட்டது. நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டை மெஷினில் வைத்தார். தட்டணு கொடுக்க ஹீமோகுளோபின் பன்னிரண்டரையாவது வேண்டும். எனக்குப் பத்தைத் தாண்டவே மெஷின் யோசித்தது. தியாகி முகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று நர்ஸ் விசாரித்தார். பொய் சொல்லியிருக்கலாம். ரத்தத்தில்தான் ஆராய்ச்சி என்றேன். பக்கத்தில் படுத்திருந்த ஆள்கூடச் சிரித்துவிட்டார். நர்ஸ் என் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டார்.

"ஊரான் ரத்தத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கறீங்க. உங்க ரத்தத்த ஒருநாளாச்சும் பாத்தீங்களா மேடம்?"

அம்மா எடுத்த காண்ட்ராக்ட்

வீட்டில் இதைச் சொன்னது என் தப்பு. மறுநாளிலிருந்து அம்மா என் ஹீமோகுளோபினைக் காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டார். எங்கள் கொல்லை முருங்கை மரம் மொட்டையாக ஆரம்பித்தது. காலையில் முருங்கைக்கீரை அடை, மத்தியானம் டிபன் பாக்ஸில் பொரியல், ராத்திரி கீரைச் சூப். டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. ஆனால் அதன் பெயரை அம்மா முன்னால் எடுக்க முடியாது, கீரைக்கு அவமானம். சத்து கூடினால் அதற்கு மாத்திரை காரணமா கீரை காரணமா என்பதைத் தனித்தனியாகச் சோதிக்காமல் சொல்லமுடியாது என்று ஒரு நாள் விஞ்ஞானம் பேசினேன்.

"உங்க டப்பாவுல இருக்கற செல்லுக்கெல்லாம் நேரா நேரத்துக்கு ஊட்டறே இல்ல? அது எப்பவாவது உன்ன இப்பிடிக் கேள்வி கேட்டுச்சா? வாயத் தொற."

களைக்கு வந்த யோகம்

எங்கள் ஆராய்ச்சியைச் சோதிக்க நிபுணர் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. நல்ல செடியாக நிறைய வேண்டும். ஜேடர்பாளையம் முத்துசாமிக்கு முன்கூட்டியே போன் செய்து, இந்தத் தடவை அந்தக் களையைப் பிடுங்கிவிடாதீர்கள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். அவர் விவசாயி. பார்த்துக்கொள்ளச் சொன்னால் பார்த்துக்கொள்வார்.

நான் போய்ப் பார்த்தால், குச்சிக்கிழங்குக்கு நடுவே ஒரு தனிப் பாத்தி. ஆட்டு எரு, சொட்டு நீர், சுற்றிலும் வேலி. உள்ளே அம்மான் பச்சரிசி ராஜகுமாரி மாதிரி தளதளவென்று நின்றது. தரையில் கிடக்கிற செடி முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நின்று அன்றுதான் பார்த்தேன். மற்ற களைகளை அதனிடம் அண்டவிடாமல் அவரே உட்கார்ந்து பிடுங்கியிருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, கழுவி, உலர்த்தி, சாறெடுத்து, செந்தில் மகளின் செல்கள் உட்பட இருந்த அத்தனை நல்ல டப்பாவுக்கும் கொடுத்தோம். பாத்தியின் அழகைப் பார்த்தே மயங்கிவிட்டோம், ஒரு டப்பாவில் மட்டும் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் திறந்தால் அத்தனையும் பிணம். நூலும் இல்லை, செல்லும் இல்லை. நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன், அதில் வெட்கமில்லை. அழுது முடித்து முத்துசாமிக்குப் போன் போட்டு, செடிக்கு வேறு ஏதாவது செய்தீர்களா என்று கேட்டேன். அவர் குரலில் பெருமை தாங்கவில்லை.

"பின்ன, செய்யாம உடுவனுங்களா? வாரம் தவறாம மருந்தடிச்சனுங்க, நம்ம செலவுல. ஒரு பூச்சி, ஒரு புழு உசுரோட இருக்காது, பாத்துக்கங்க!"

ஆழம்

செந்தில் வாராவாரம் போன் செய்து இரண்டாவது மகளை விசாரிப்பது வழக்கமாகியிருந்தது. அந்த வாரமும் செய்தார். அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். நல்லா இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல மனசு வரவில்லை. செத்துப்போச்சுங்க, எங்கள் தவறுதான், மருந்தடித்த செடியைக் கொடுத்துவிட்டோம் என்றேன். அவர் யாரிடமோ இந்தியில் கத்திக் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். அவர் குரலைச் சத்தமில்லாமல் நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"உடுங்க மேடம். அறநூறு அடி எறக்கியும் புழுதிதான் வரும், அதுக்காவ ரிக்க வித்துப்போட்டா ஊட்டுக்குப் போறோம்? அடுத்த பாயிண்ட்ல எறக்க வேண்டியதுதானுங்க. எங்க ஊட்ல மட்டும் சொல்லிராதீங்க, அவ சோறு திங்கமாட்டா."

ஊக்கமளிக்கிறது

அடுத்த பாயிண்ட்டை நித்யா காட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அப்பாவும் மகளும் எங்கள் கேட்டில் நிறுத்தி ஒரு துணிக்கடைப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே அம்மான் பச்சரிசி, வேரோடு. அவள் வெயிலில் இறங்கக்கூடாது, கீறல் படக்கூடாது. அதனால் மொபெட்டில் உட்கார்ந்து அவள் கைகாட்ட, லோகநாதன் ஜலகண்டாபுரம் தெருத்தெருவாக இறங்கிப் பறித்திருக்கிறார். எருவும் இல்லை, மருந்தும் இல்லை. நாலு பேர் மிதித்த செடி. ஃப்ரீசரில் மிச்சமிருந்த செல்லை எடுத்து, இந்தத் தடவை ஒரே ஒரு டப்பாவில் போட்டுப் பார்த்தேன். நூல் நீண்டது. அறிக்கையில் மூலச்சரக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதவேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று எங்கள் பேராசிரியர் தலையைச் சொறிந்தார்.

நிபுணர்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்கள், ஒவ்வொருவராக "ம்ம்" என்றார்கள். இது பெரிய அளவில் எப்போது என்று கேட்டார்கள். சாப்பிட்டார்கள். எழுந்து போகும்போது முடிவுகள் ஊக்கமளிக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பேராசிரியரைக் கேட்டேன். இந்த மாதிரிக் குழுக்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர் அவர்.

"ஊக்கமளிக்குதுன்னா வேற ஒண்ணும் இல்லம்மா, மத்தியானச் சாப்பாடு நல்லாருந்துச்சுன்னு அர்த்தம்."

ஒரு பை

ஐப்பசி மழை பிடித்தது, கூடவே டெங்குவும். சேலத்தில் எந்த ரத்த வங்கியிலும் தட்டணு நிற்கவில்லை. ஒரு காலையில் லோகநாதன் போன் செய்தார். நித்யாவுக்கு ஈறில் ரத்தம் கசிகிறது, நிற்கவில்லை. வழக்கமாகக் கொடுப்பவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் இப்போதுதான் கொடுத்தார், இன்னொருவர் சூரத்துக்குச் சரக்கோடு போயிருக்கிறார். அவர் என்னிடம் ஆள் கேட்கவில்லை. டப்பாவைத்தான் கேட்டார். "கொஞ்சமா இருந்தாலும் பரவாயில்லீங்க மேடம், நீங்க வளக்கறீங்கல்ல, அதக் குடுங்க." இதற்காகத்தானே இத்தனை வருஷம் வளர்த்தேன். நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். செல்லுக்கு ஊட்டுகிற நாள் அது. ஒரு நாள் பட்டினி கிடக்கட்டும் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு சேலம் பஸ்ஸில் ஏறினேன்.

அதே ரத்த வங்கி, அதே நர்ஸ். என்னைப் பார்த்ததும் உதட்டோரம் ஒரு சிரிப்பு. விரலில் குத்தினார். மெஷின் யோசித்தது. பன்னிரண்டு புள்ளி ஏழு. நர்ஸ் நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினார். அதே ஏழு. மற்ற பரிசோதனையெல்லாம் முடிந்து என்னைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுற்றி, தட்டணுவை மட்டும் விட்டுவிட்டு மறுபடி என்னிடமே திரும்பியது. ரத்தம் உறையாமலிருக்க மெஷினில் கலக்கும் மருந்துக்கு உதடு லேசாக மரத்தது. மேலே தொங்கிய பையில் இளமஞ்சளாக, கொஞ்சம் கலங்கலாக இறங்கிக்கொண்டே இருந்தது. நல்ல தட்டணுவை வெளிச்சத்தில் அசைத்தால் உள்ளே புகைபோல் ஒரு சுழல் தெரியும். பாடத்தில் படித்ததுதான்; என் டப்பாவில் ஒருநாளும் சுழலுமளவுக்கு விளைந்ததில்லை. நர்ஸ் பையைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்து அசைத்தார். சுழன்றது. என் வாழ்க்கையில் அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மறுநாள் நித்யாவைப் பார்க்கப் போனேன். அந்தப் பை ஏறி, ஈறில் ரத்தம் நின்றிருந்தது. லோகநாதன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நித்யா கட்டிலில் சம்மணமிட்டு இட்லியைப் பிய்த்துக்கொண்டே, அது டப்பாவில் செய்ததா என்று விசாரித்தாள். இல்லை, என் உடம்பிலேயே இருந்தது, எல்லோர் உடம்பிலும் தினமும் விளைவதுதான் என்றேன். இட்லி பாதியில் நின்றது. என்னை ஒரு பார்வை, அப்பாவை ஒரு பார்வை.

"இதிருக்குதுன்னு மொதல்லயே சொல்லீருந்தா, எங்கப்பா தெருத்தெருவா களை புடுங்கியிருக்க வேண்டாமில்லீங்க்கா?"

ஆக, சக துயரர்களே, இத்தனை வருஷம் குருத்தணுவுக்குச் செடிச்சாறு ஊட்டி நான் வளர்த்ததில் ஒரு நோயாளிக்குப் போய்ச் சேர்ந்த ஒரே பை அம்மாபேட்டைக் கொல்லை முருங்கையில் விளைந்தது, மற்றதெல்லாம் ஊக்கமளிக்கிறது.